காய்ச்சலைச் சொல்ல வைக்கும் பேச்சும் மறைக்க வைக்கும் பேச்சும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "கொள்ளைநோய்க் காலத்தில் பிரதமரும் முதலமைச்சரும் எப்படிப் பேசினாலும் கிருமி தன் வேலையைச் செய்யத்தான் போகிறது. படுக்கையும் ஆக்சிஜனும் மருந்தும் இருந்தால் போதாதா? தலைவர்களின் பேச்சு மக்களின் உடல்நலத்தை உண்மையிலேயே மாற்றுமா?"

மாற்றும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் ஊர்களில் பல ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். தொற்றுநோய்த் தடுப்பு என்று நாங்கள் செய்யும் அத்தனை வேலையும் ஒரே ஒரு செயலை நம்பி நிற்கிறது: காய்ச்சல் கண்டவர் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் அதை வெளியில் சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் சளி மாதிரி எடுக்க முடியும், தொடர்பில் இருந்தவர்களைத் தேட முடியும், வீட்டிலுள்ள முதியவரை நேரத்தோடு இடம் மாற்ற முடியும். சொல்வதா மறைப்பதா என்று அவர் தீர்மானிக்கும் அந்த இரவில் அவர் பக்கத்தில் மருத்துவர் இருப்பதில்லை. அன்று மாலை தொலைக்காட்சியில் கேட்ட பேச்சுதான் காதில் இருக்கிறது.

கொரோனா பரவிய 2020 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் வர இணையத்தில் பதிவு செய்து பாஸ் பெற வேண்டும். பாஸ் இல்லாமல் வாளையாறு எல்லைச் சோதனைச்சாவடி வரை வந்துவிட்ட பலர் வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்தப்பட்டனர். அவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், அங்கே அவர்களைப் பார்க்கச் சென்றிருந்த எதிர்க்கட்சி எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தனித்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. நோயை யார் கொண்டுவருகிறார்கள், யார் பரப்புகிறார்கள் என்று கட்சிகள் ஒன்றையொன்று சாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வாளையாற்றுக்குத் தெற்கே எங்கள் எல்லை வேலியோ ஆறோ அல்ல; பெரும்பாலும் தென்னந்தோப்பும் வாய்க்கால் வரப்பும்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்த ஒரு பையன் இரவில் தோப்பு வழியாக வந்து வீடு சேர்ந்துவிட்டான் என்று தகவல் கிடைத்து நானும், ஊரிலேயே இருந்து வீடு வீடாகச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளரும் போனோம். தாய் வாசலிலேயே நின்று, "யாருமே வரலைங்க சார்" என்றார். பின்புறக் கொடியில் ஜீன்ஸ் பேண்ட் ஒன்று ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஆண் துணை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் சட்டத்தைப் பேச வாயெடுத்தேன். ஆஷா பணியாளர் என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, "அக்கா, வீட்ல அம்மை போட்டா வேப்பிலை கட்டி வெக்கிறோமில்ல, யாரும் உள்ள வராம? அதே மாதிரிதான். பதினாலு நாள். அரிசி பருப்பு நாங்க கொண்டாறோம்" என்றார். அந்தத் தாய் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "டிவில பேசறாங்களே, பாஸ் இல்லாம வந்தவனெல்லாம் நோவப் பரப்ப வந்தவன்னு. போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவீங்கன்னு நெனச்சனுங்க" என்றார். நான்காம் நாள் பையனுக்குப் பாசிட்டிவ் என்று முடிவு வந்தது. எண்பது வயதைக் கடந்த பாட்டியை முதல் நாளே அடுத்த தெருவிலுள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றியிருந்தோம். யாரோ ஒரு கட்சிக்காரர் தொலைக்காட்சியில் சொன்ன "நோய் பரப்ப வந்தவன்" என்ற சொல்லுக்கும் அந்தப் பாட்டியின் உயிருக்கும் இடையே இருந்த தூரம் ஒரு வாசற்படி மட்டுமே.

எல்லையில் வாழ்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே நோய்க்கு இரண்டு அரசுகள் இரண்டு மொழிகளில் பேசுவதை ஒரே வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம். மாலை ஆறு மணிக்கு அன்றைய கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் பேசுவார். அது முடிந்தால் சென்னைச் செய்திக்கு மாற்றுவோம். அப்போது என் மனதில் பதிந்த சொற்கள் சில உண்டு.

கேரள அரசு நோய்த்தொடர்பு உள்ளவரை "நிரீட்சணத்தில்" இருப்பவர் என்றது. பார்வையில், கவனிப்பில் இருக்கிறார் என்பது பொருள். தமிழ்ச் செய்திகளில் அதே மனிதர் "தனிமைப்படுத்தப்பட்டார்". முதல் சொல்லில் யாரோ ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில் எல்லோரும் அவரை விட்டு விலகிவிட்டார்கள். மேலும் அது செயப்பாட்டு வினை. அவருக்கு அதில் விருப்பமோ பங்கோ இருப்பதாகவே தோன்றாது. தமிழ்நாட்டில் சில இடங்களில் தொற்றுள்ள வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லுக்கு இன்னும் கனம் கூடிவிட்டது. தீட்டு, ஒதுக்கி வைத்தல் என்று நூற்றாண்டுகளாக வலி சுமந்த ஒரு சமூகத்தில் இப்படிப்பட்ட சொல்லை மேலிருந்து இறக்கும்போது அது வெறும் மருத்துவச் சொல்லாக இறங்குவதில்லை என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.

"பயம் வேண்டா, ஜாக்ரத மதி" என்பது கேரளத்தில் எங்கும் ஒலித்த வாசகம். மலையாளிக்கு ஜாக்ரத என்றால் விழிப்போடு இருத்தல். எங்கள் ஊர்த் தமிழருக்கோ ஜாக்கிரதை என்றால் "நாய்கள் ஜாக்கிரதை", "பள்ளம் ஜாக்கிரதை" என்று ஆபத்தைக் காட்டும் பலகை. மேலிடத்திலிருந்து வந்த மலையாள ஒலிப்பதிவை ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் தமிழ் வார்டுகளிலும் அப்படியே ஓடவிட்டார்கள். ஒரு மூதாட்டி, "நோவு நம்ம ஊருக்குள்ளயே வந்துருச்சுங்களா?" என்று பதறிக் கேட்ட பிறகுதான் அதைத் தமிழில் மாற்றிப் பேசிப் பதிவு செய்தோம். "உடல் அகலம், சமூக ஒருமை" என்று முதலமைச்சர் சொன்னதை, "உடம்பு தள்ளி இருக்கட்டும், மனசு சேந்து இருக்கட்டும்" என்று மாற்றினோம். அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு தொடர் எனக்கு மிகவும் பயன்பட்டது என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் சமூக இடைவெளி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, விலக வேண்டியது உடல்தான், உறவு அல்ல என்று ஒரு மாநிலத்தின் முதல்வர் பிரித்துச் சொன்னது, பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைக்கலாமா என்று தயங்கியவர்களுக்கு விடையாக அமைந்தது.

அவ்வாறே, வடமாநிலத் தொழிலாளர்களை "அதிதி தொழிலாளி", அதாவது விருந்தினர், என்று அரசு அழைத்தது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். சொல் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் அதே விருந்தினர்கள் ஊருக்குப் போக வழி கேட்டுக் கூட்டமாகச் சாலையில் இறங்கினார்கள். உள்ளாட்சிகள் நடத்திய சமூகச் சமையலறைகளிலிருந்து சோறு வந்ததால்தான் விருந்தினர் என்ற சொல்லுக்கு மரியாதை நின்றது. ஆனால் சோறு கொண்டுபோகும் தன்னார்வலர் எந்தக் குரலில் கதவைத் தட்டுகிறார் என்பதை அந்தச் சொல் மாற்றியது. அதை நான் நேரில் கண்டேன்.

இதனால் கேரளம் எப்போதும் சரியாகப் பேசியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 ஜூலையில் திருவனந்தபுரத்துக் கடற்கரை ஊரான பூந்துறையில் நோய் வேகமாகப் பரவியபோது "சூப்பர் ஸ்ப்ரெட்" (ஒருவரிடமிருந்து மிகப் பலருக்குப் பரவுதல்) என்ற சொல்லை அந்த ஊரின் தலையில் கட்டினார்கள், கமாண்டோக்களையும் இறக்கினார்கள். ஜூலை 10 அன்று ஊர் மக்கள் கட்டுப்பாடுகளை மீறித் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். மீன் விற்று வாழும் ஊருக்கு அப்படி ஒரு பெயர் சூட்டினால் அடுத்த வாரம் அவர்களிடம் மீன் வாங்க யார் வருவார்கள்? அடுத்த வாரமே, ஜூலை 17 அன்று, பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல், அதாவது யாரிடமிருந்து வந்தது என்று கண்டறிய முடியாத பரவல், ஏற்பட்டுவிட்டது என்று முதலமைச்சர் தாமே வெளிப்படையாக அறிவித்தார். நாட்டில் வேறு எந்த மாநில அரசும் அந்த இரண்டு சொற்களை அதிகாரபூர்வமாகச் சொல்லத் துணியாத நேரம் அது. ஒரே அரசு ஒரே மாதத்தில் ஒரே ஊரைப் பற்றி ஒரு முறை புண்படுத்தும்படியும் ஒரு முறை நேர்மையாகவும் பேசியிருக்கிறது.

தமிழ்நாட்டின் "விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு" மோனையோடு அமைந்த நல்ல வாசகம். எங்கள் பக்கத்துக் குழந்தைகள்கூட அதைப் பாட்டாகச் சொன்னார்கள். ஆனால் 2020 ஏப்ரல் நடுவில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, இது வெளிநாடு போய் வந்த பணக்காரர்கள் கொண்டுவந்த நோய் என்ற பொருளிலும், சில நாட்களில் புதிய தொற்று பூஜ்ஜியமாகிவிடும் என்றும் பேசினார். மக்களைத் தைரியப்படுத்தும் எண்ணத்தில்தான் பேசியிருப்பார் என்றே நம்புகிறேன். கேட்ட கூலித் தொழிலாளியின் காதில் அது எப்படி விழுந்தது? "நமக்கு வராது" என்றுதான் விழுந்தது. மூன்று வாரத்துக்குள் கோயம்பேடு சந்தையிலிருந்து மூட்டை தூக்குபவர், லாரி ஓட்டுநர், காய்கறி வியாபாரி வழியாக நோய் பல மாவட்டங்களுக்குப் போயிற்று. மே 5 அன்று சந்தையை மூடினார்கள். வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் சுமை இறக்கும் ஒருவரிடம் முகக்கவசம் போடச் சொன்னபோது, "நாம என்ன ஏரோப்ளேன்லயா வந்தோம்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருந்தது. ஆனால் என் விடையைவிட முதலமைச்சரின் சொல் அவரிடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

2020 மார்ச்சில் தில்லியில் நடந்த ஒரு மத மாநாட்டுக்குப் போய் வந்தவர்களைப் பற்றிய பேச்சும் இதோடு சேர்ந்ததே. முதலில் மாநாட்டின் பெயரோடு எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. பிறகு தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை "சிங்கிள் சோர்ஸ்" (ஒரே மூலம்) என்று மாற்றிக்கொண்டது. மாற்றியது நல்ல நோக்கத்தில்தான். ஆனால் அதற்குள் ஊர் முழுவதும் ஒரு மதத்தின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது. எண்ணெய் சிந்திய பிறகு துடைத்தது போலத்தான் ஆயிற்று. நோய்க்கு ஊர்ப்பெயர், இனப்பெயர் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே வழிகாட்டியிருந்தது. உருமாறிய கிருமிகளுக்கு 2021 மே 31 அன்று ஆல்பா, பீட்டா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைச் சூட்டியதும் இதற்காகவே. அமெரிக்க அதிபர் டிரம்ப் 2020 மார்ச்சில் "சீன வைரஸ்" என்று சொல்லத் தொடங்கியதை எல்லோரும் கண்டித்தோம். நம் தெருவில் அதையே வேறு பெயரில் செய்தபோது கண்டித்தவர்கள் குறைவு.

போர் உவமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2020 மார்ச் 16 உரையில் "நாம் போரில் இருக்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நம் பிரதமர் மோடி மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவு முதல் 21 நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, வீட்டு வாசலில் ஒரு லட்சுமணக் கோடு போடப்பட்டிருக்கிறது என்றார். இராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது உடனே புரிந்தது; அந்த உவமையை நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் வாராணசி மக்களிடம், மகாபாரதப் போர் 18 நாளில் வெல்லப்பட்டது, இந்தப் போரை 21 நாளில் வெல்ல வேண்டும் என்று பேசினார். இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். போர் என்றால் எதிரி வேண்டும், வெற்றி நாள் வேண்டும். 22-ஆம் நாள் ஊரடங்கு நீண்டபோது, தாங்கள் சரியாக நடக்காததால்தான் தோற்றோம் என்று சிலரும், அரசு ஏமாற்றியது என்று சிலரும் நினைத்தார்கள். எதிரியோ கண்ணுக்குத் தெரியாதவன். கண்ணுக்குத் தெரிந்த நோயாளி அவன் இடத்தில் நின்றார். 2020 ஏப்ரலில் சென்னையில் நோய்த்தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்த கூட்டத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. இறந்த உடலை முறைப்படி புதைத்தால் நோய் பரவாது என்ற எளிய உண்மையைத் தலைவர்கள் முன்பே பத்து முறை சொல்லியிருக்க வேண்டும். அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது அதன் பிறகுதான்.

லங்காஸ்டர் பல்கலைக்கழக மொழியியலாளர் எலினா செமினோ, போரைவிடக் காட்டுத்தீ இந்த நோய்க்குப் பொருத்தமான உவமை என்று எழுதினார். எங்கள் பக்கத்து விவசாயிக்கு இது நன்றாகவே பொருந்தும். கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் யாரும் தீயைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. இடையில் நான்கு சால் கரும்பை வெட்டி வெற்றிடம் உண்டாக்குவார்கள், அணைந்த பிறகும் கங்கு இருக்கிறதா என்று விடிய விடியப் பார்ப்பார்கள். ஏன் தள்ளி நிற்க வேண்டும், எண்ணிக்கை குறைந்த பிறகும் ஏன் முகக்கவசம் வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது.

கங்கு இருக்கிறதா என்று பார்க்காமல் போனதற்கு நாடு கொடுத்த விலை பெரிது. 2021 மார்ச் தொடக்கத்தில் மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், கொள்ளைநோயின் இறுதி ஆட்டத்தில் இருக்கிறோம் என்றார். ஏப்ரலில் ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்தார்கள். அலை வந்ததற்கு அவருடைய சொல் காரணம் என்று நான் கூறமாட்டேன். டெல்டா வகை கிருமியும், தேர்தல் கூட்டங்களும், திருவிழாக் கூட்டங்களும் காரணம். ஆனால் முடிந்துவிட்டது என்று மேலே இருப்பவர் சொன்ன பிறகு, முதல் நாள் காய்ச்சலை யாரும் பொருட்படுத்துவதில்லை. மார்ச் மாதம் எங்களிடம் தாமாக வந்து காய்ச்சல் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

பேச்சின் விளைவை அளந்து காட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சான்றுகள். பிரேசில் அதிபர் போல்சனாரோ 2020 மார்ச் 24 அன்று தொலைக்காட்சியில் இதை ஒரு சின்னக் காய்ச்சல் என்றார். ஆய்வாளர்கள் கைப்பேசி இடத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, அவர் நோயை இலேசாகப் பேசிய பிறகு, அவருக்கு அதிகம் வாக்களித்த ஊர்களில் மக்கள் வீட்டில் இருப்பது மற்ற ஊர்களைவிடக் குறைந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் அதிபர் தாபோ உம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. கிருமிதான் காரணமா என்று ஐயத்தைக் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பேசினார். பேச்சு கொள்கையாயிற்று, மருந்து தாமதமாயிற்று. 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் அதனால் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டனர்.

மறுபக்கம், ஜெர்மனியின் அன்றைய ஆட்சித் தலைவர் ஏஞ்சலா மெர்க்கல் 2020 மார்ச் 18 அன்று, "நிலைமை தீவிரமானது, நீங்களும் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்து, பயணச் சுதந்திரத்தைப் போராடிப் பெற்ற தம்மைப் போன்ற ஒருவருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எளிதல்ல என்றும் கூறி, கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றி சொன்னார். கட்டளையிடும் முன் அந்தக் கட்டளையின் வலியைத் தானும் அறிந்தவர் என்று காட்டினார்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு காட்சியைப் பிறகு கண்டோம். 2021 மே இறுதியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியிருந்தபோது, முதலமைச்சர் ஸ்டாலின் மே 30 அன்று கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பாதுகாப்பு உடை அணிந்து நோயாளிகளின் வார்டுக்குள்ளேயே போனார். அந்தப் படம் எங்கள் ஊர்க் கைப்பேசிகளில் ஒரே மணி நேரத்தில் சுற்றியது. அம்மருத்துவமனைக்குப் போனால் திரும்ப மாட்டோம் என்று வீட்டிலேயே கிடந்த என் உறவினர் ஒருவர், "அவரே உள்ள போயிட்டு வர்றாரு" என்று சொல்லிக் கிளம்பினார். அதற்கு முன்பு, நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17 அன்று இறந்தபோது, இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சுகாதாரச் செயலர் ராதாகிருஷ்ணன் விளக்கினார். விளக்கம் சரியானது. இருந்தும் எங்கள் முகாம்களில் பல வாரம் கூட்டம் குறைந்தது. நம்பிக்கை முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட வேண்டிய தானியம். பஞ்சம் வந்த அன்று விதைத்தால் அன்றே அறுக்க முடியாது.

எண்களும் பேச்சில் அடங்கும். 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு விடுபட்ட 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது. கேரளமும் 2021-இன் பிற்பகுதியில் விடுபட்ட ஆயிரக்கணக்கான இறப்புகளைச் சேர்த்தது. தாமதமாகவேனும் ஒப்புக்கொண்டது நல்லதே.

எல்லைக்காரன் என்பதால் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் இறுதியில் கர்நாடகம் காசர்கோட்டு எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தது. மங்களூரு மருத்துவமனைகளை நம்பியிருந்த நோயாளிகள் வழியிலேயே இறந்தனர். அதே வாரங்களில், கேரளம் தமிழ்நாட்டுச் சாலைகளை மண் போட்டு மூடப்போகிறது என்று வதந்தி பரவியது. பினராயி விஜயன் தம் மாலைச் சந்திப்பில் அதை மறுத்து, அவர்கள் நம் சகோதரர்கள், அப்படி நினைக்கவே இல்லை என்றார். மறுநாள் எடப்பாடி பழனிசாமி அதை வரவேற்றுச் சமூக வலைத்தளத்தில் எழுத, பினராயி தமிழிலேயே பதில் எழுதினார். இரண்டு எதிரெதிர்க் கட்சிகளின் முதல்வர்கள் எழுதிய அந்தச் சில வரிகளைக் கைப்பேசியில் காட்டித்தான், கோவையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவரின் குடும்பத்தை நான் அமைதிப்படுத்தினேன். அவருடைய வாகனத்தைச் சோதனைச்சாவடியில் இரு பக்கத்துக் காவலர்களும் நிறுத்தாமல் விட்டார்கள்.

2021 மே மாதம் ஓர் அதிகாலையில் எனக்கு அழைப்பு வந்தது. முந்தைய ஆண்டு மகனை மறைத்து வைத்த அந்தத் தாய்தான் பேசினார். "சார், ராத்திரியிலிருந்து எனக்குக் காய்ச்சலுங்க. ஆஷாகிட்டயும் சொல்லிட்டேன். பையனையும் அம்மாவையும் தோட்டத்துச் சாளைக்குப் போகச் சொல்லிட்டனுங்க. வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கேன், வந்தீங்கன்னா அடையாளம் தெரியும்."